வீட்டில் பதிவு செய்த பாட்டில் குரலின் ஒலியளவைச் சீராக்குவது எப்படி?

என் முதல் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து, இசையோடு சேர்த்து, ஹெட்ஃபோனில் கேட்டபோது குரல் தெளிவாக இருந்தது. அதே பாட்டைக் கைப்பேசியில் போட்டேன். பல்லவியில் பாதிச் சொற்களைக் காணவில்லை. குரலை ஏற்றினேன், சரணத்தில் உச்சத்தைத் தொட்ட இடம் காதைக் குத்தியது. இறக்கினேன், ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் இசைக்குள் முங்கிவிட்டது. இப்படி ஏற்றியும் இறக்கியுமே மூன்று வாரம் ஓடிவிட்டது. தேடிய இடத்தில் எல்லாம் "கம்ப்ரஸர் போடுங்கள்" என்றார்கள்; உரத்த இடங்களைத் தானாகவே அமுக்கும் கருவி அது. போட்டேன். குரல் தட்டையானது, மூச்சு பெரிதாகக் கேட்டது, காணாமல் போன சொற்கள் திரும்பி வரவில்லை.

பிறகுதான் புரிந்தது: நான் பாடிய பாட்டுக்குள்ளேயே மெல்லிய சொல்லுக்கும் உரத்த சொல்லுக்கும் நடுவே 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அப்படிப்பட்ட குரலுக்குப் பொருந்துகிற ஒரே ஒரு அளவு எங்கேயும் கிடையாது. முதலில் கையால் சமன்செய்ய வேண்டும், அதன் பிறகு கம்ப்ரஸர், கடைசியில் ஆட்டோமேஷன், அதாவது பாட்டு ஓடும்போது ஒலியளவு தானாக ஏறி இறங்கும்படி எழுதி வைப்பது. இந்த வரிசை பிடிபட்ட பிறகு அதே பாட்டை இரண்டு மாலைகளில் முடித்தேன். அந்த மூன்று வாரம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: என்ன தேவை, எவ்வளவு நேரம் ஆகும்

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி, ஆப்பிள் கணினிகளோடு வரும் கராஜ்பேண்ட், 60 நாள் சோதித்துப் பார்க்க அனுமதிக்கும் ரீப்பர் ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்களில் எதை வைத்தும் கீழே சொல்லியிருக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்யலாம். கம்ப்ரஸரும், அடித்தொனியையும் மேல்தொனியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரும் மென்பொருளுடனேயே வருகின்றன. "குரலுக்கென்றே உருவாக்கப்பட்டது" என்று விற்கப்படும் பிளக்-இன்களை (மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் கருவிகளை) தேடி ஓடாதீர்கள். நான் ஓடினேன், ஒன்றும் மாறவில்லை. கையில் காசு இருந்தால் காதை மூடும் வகை ஹெட்ஃபோன் ஒன்றுக்கும், மைக்கின் முன்னால் வைக்கும் வலைத் தடுப்புக்கும் செலவிடுங்கள்.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு முதல் தடவை ஆகும் நேரம் இது: சொல் சொல்லாகச் சமன்செய்ய ஒன்றரை மணி நேரம், கம்ப்ரஸருக்கு அரை மணி, இசையில் இடம் ஒதுக்க அரை மணி, ஆட்டோமேஷனுக்கு ஒரு மணி, மறுநாள் சோதனைக்கு அரை மணி. எல்லாவற்றையும் ஒரே இரவில் முடிக்க முயலாதீர்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது காதுக்கு ஓய்வு கொடுங்கள். களைத்த காதுக்குக் குரல் எப்போதும் குறைவாகவே கேட்கும். நீங்களும் ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

1. பாடும்போதே பாதி வேலையை முடியுங்கள்

வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். இந்த இடைவெளி இரண்டு மடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பாதியானால் அதே அளவு கூடும். பாடும் ஆர்வத்தில் நாம் முன்னும் பின்னும் ஆடுவதை மைக் ஒன்றுவிடாமல் பதிவு செய்துகொள்கிறது. பெரும்பாலான மைக்குகளில் நெருங்க நெருங்க அடித்தொனியும் பெருகும். பிறகு அளவைச் சரிசெய்தாலும் ஒரு வரி தடிப்பாகவும் அடுத்த வரி மெலிவாகவும் கேட்பது இதனால்தான். வலைத் தடுப்பை மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, உதடு அதற்கு எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும்படி பாடினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உச்சஸ்தாயியில் ஓங்கிப் பாடும் இடங்களில் மட்டும் தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பாட்டில் மிக உரத்த இடத்தைப் பாடிப் பார்த்து, அங்கே மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் குமிழை (மைக்கின் ஒலியை எவ்வளவு உரக்க வாங்குவது என்பதற்கான குமிழ்) வையுங்கள். சராசரி மைனஸ் 18 வாக்கில் நிற்கும். பார்க்கக் குறைவாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மீட்டரின் உச்ச எல்லையான சுழியத்தைத் தொட்டுப் பிசிறடித்த சொல்லை எந்தக் கருவியும் முழுதாக மீட்டுத் தராது.

எச்சரிக்கை: கைப்பேசிகளும் சில யூஎஸ்பி மைக்குகளும் ஒலியளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அந்த அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் நீங்கள் பாடாத இடைவெளிகளில் மின்விசிறியின் சத்தம் மெல்ல மெல்ல மேலேறும், பாடத் தொடங்கியதும் சட்டென்று அமுங்கும். அதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

2. கோப்புகளையும் குறிப்பேட்டையும் ஒழுங்காக வையுங்கள்

இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்ததால் ஒரு பாட்டையே நான் திரும்பப் பாட வேண்டியதாயிற்று. மூலப் பதிவை வேவ் கோப்பாக ஒரு தனி அடைவில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு தொடவே தொடாதீர்கள். ஒரு தாளில் மைக்கின் தூரம், கெயின் குமிழ் நின்ற இடம், பாடிய தேதி ஆகியவற்றைக் குறியுங்கள். நாளைக்கு ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பப் பாட நேர்ந்தால் அதே அளவும் அதே தொனியும் கிடைக்க இந்தத் தாள் ஒன்றே துணை.

பாடல் வரிகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்டோ எழுதியோ பக்கத்தில் வையுங்கள். நான்காம் படியிலும் ஒன்பதாம் படியிலும் அது வேண்டும். ஒவ்வொரு நாள் வேலையையும் புதுப் பெயரில், எண்ணிட்டுச் சேமியுங்கள். நேற்றைய அளவே நன்றாக இருந்தது என்று தோன்றும் நாள் கட்டாயம் வரும்.

3. குரலைத் தொடும் முன் இசையை இறக்குங்கள்

வீட்டில் பாடும் நம்மில் பலர் ஏற்கெனவே முழுதாக முடிக்கப்பட்ட பின்னணி இசைக்குப் பாடுகிறோம். அந்தக் கோப்பு கடைசி டெசிபல் வரை உரப்பாக்கப்பட்டிருக்கும். அதன் மேல் குரலை ஏற்ற இடமே இருக்காது. புதியவர்கள் செய்யும் தவறு, இசையை அப்படியே விட்டுவிட்டுக் குரலை மட்டும் தள்ளிக்கொண்டே போவது. ஒரு கட்டத்தில் மொத்த ஒலியும் பிசிறடிக்கும். அதைத் தடுக்க மாஸ்டரில், அதாவது எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் இடத்தில், ஒலியை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டர் போடுவோம். அதன் பிறகு குரலை ஏற்றும்போதெல்லாம் லிமிட்டர் இசையையும் சேர்த்து அமுக்கும். எதை ஏற்றினோம், எது இறங்கியது என்பதே தெரியாமல் போகும்.

எனவே முதல் வேலையாகப் பின்னணி இசையை 8 முதல் 10 டெசிபல் வரை இறக்குங்கள். தனித்தனி வாத்தியங்களாக இருந்தால் அவை எல்லாவற்றையும் ஒரே குழுவில் சேர்த்து அந்தக் குழுவை இறக்குங்கள். மாஸ்டரில் எந்தப் பிளக்-இன்னும் வேண்டாம். ஒலி குறைவாகக் கேட்டால் ஹெட்ஃபோனின் குமிழைத் திருகுங்கள், மென்பொருளில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை அல்ல.

4. சொல் சொல்லாகக் கையால் சமன்செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பெரும்பாலான மென்பொருள்களில் பதிவுத் துண்டின் ஒலியளவை அதன் இடத்திலேயே மாற்றும் வசதி உண்டு. சிலவற்றில் இதன் பெயர் கிளிப் கெயின். ஆடாசிட்டியில், புள்ளிகள் வைத்து ஒலியளவை ஏற்றி இறக்கும் என்வலப் கருவி இந்த வேலையைச் செய்யும். முக்கியமான செய்தி: இந்த மாற்றம் கம்ப்ரஸருக்குள் போகும் முன்பே நடக்கிறது. டிராக்கின் (குரலுக்கான தனித் தடம்) ஃபேடரோ கம்ப்ரஸரைத் தாண்டி வெளியே வந்த ஒலியைத்தான் ஏற்றி இறக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் என் மூன்று வாரத்தையும் தின்றது. ரீப்பர் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள்: அதில் டிராக்கின் ஒலியளவுக்கு இரண்டு வகை என்வலப்கள் உண்டு, ஒன்று கம்ப்ரஸர் போன்ற எஃபெக்ட்டுகளுக்கு முன், மற்றொன்று பின். இந்தப் படிக்கு முன்னது வேண்டும்.

இப்போது குரலை மட்டும் தனியாகக் கேளுங்கள், வரி வரியாக. ஒரு வரியை எடுத்துக்கொண்டு நான் செய்வதை அப்படியே காட்டுகிறேன். வரி இதுதான்: "மழை நின்ற பின்னாலே தெருவெங்கும் உன் பேச்சு".

"மழை" என்பதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறேன்; மற்ற சொற்களைவிட மேலே நிற்கிறது. 3 டெசிபல் இறக்கினேன். "நின்ற" சரியாக இருக்கிறது, தொடவில்லை. "பின்னாலே" என்பதில் "பி" மைக்கில் காற்றாக மோதியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தின் தொடக்கத்தை மட்டும் வெட்டி, 6 டெசிபல் இறக்கினேன், மீதியை விட்டுவிட்டேன். "தெருவெங்கும்" மேலே ஏறும் இடம். "வெங்" என்ற பகுதி துருத்துகிறது, 4 டெசிபல் இறக்கினேன். ஆனால் அதே சொல்லின் கடைசி "கும்" கிட்டத்தட்ட விழுங்கப்பட்டிருக்கிறது. அதை 3 ஏற்றினேன். "உன்" மிகச் சிறிய சொல், அடுத்த சொல்லுக்கான அவசரத்தில் மங்கிவிட்டது, 2 ஏற்றினேன். "பேச்சு" என்பதில் "பே" நன்றாக இருக்கிறது, "ச்சு" வெறும் காற்றாக முடிகிறது, 4 ஏற்றினேன்.

கடைசி எழுத்துகளைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் மொழியில் சொல்லின் முடிவில் வரும் உகரம் பெரும்பாலும் குறுகித்தான் ஒலிக்கும். "பேச்சு", "காற்று", "வந்து" எல்லாம் அப்படித்தான். "ம்", "ன்", "ல்" என்று முடியும் சொற்களும் வாயை மூடியோ நாக்கை அழுத்தியோ முடிவதால் அடங்கிப் போகும். பேசும்போது கேட்பவர் இதைத் தாமே நிரப்பிக்கொள்வார். தாளக் கருவிகளுக்கு நடுவே நிரப்பிக்கொள்ள முடியாது. அவருக்கு "பே" மட்டும்தான் கேட்கும். ஆகவே வரியின் முதல் சொல்லை இறக்கவும் கடைசி எழுத்தை ஏற்றவும் தயாராக உட்காருங்கள். பத்தில் ஏழு வரிகளில் நான் இதைத்தான் செய்கிறேன்.

இதில் விழக்கூடிய குழிகள் சில.

அலைவடிவத்தைப் பார்த்துச் சமன்செய்யாதீர்கள். "ஆ" என்ற நெடில் திரையில் பெரிதாகத் தெரியும், "ஈ" சிறிதாகத் தெரியும். காதுக்கு இரண்டும் ஒரே அளவாகக் கேட்கலாம். திரையில் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் பாட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்ட பிறகே கையை வையுங்கள்.

வெட்டும் இடத்தில் "டிக்" என்ற ஒலி வரும். அலை சுழியத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டி, இருபுறமும் 5 முதல் 10 மில்லிசெகண்டு நீளத்துக்கு மங்கல் கொடுங்கள். என்வலப் புள்ளிகளால் செய்தால் இந்தத் தொல்லை குறைவு.

மூச்சை அறவே நீக்காதீர்கள். மூச்சில்லாத பாட்டு இயந்திரம் பாடியது போலிருக்கும். 6 முதல் 8 டெசிபல் வரை இறக்கினால் போதும். அடுத்து வரும் கம்ப்ரஸர் அதைச் சற்று மேலே தூக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

"நார்மலைஸ்" என்ற கட்டளை இந்த வேலையைச் செய்யாது. அது மொத்தப் பதிவையும் ஒரே அளவு தூக்கும், அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் இருக்கும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும்.

முடிந்ததும் பாட்டு முழுவதையும் குரலோடு மட்டும் ஒருமுறை கேளுங்கள். யாரோ ஒருவர் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, எழுந்து நடக்காமல், ஒரே இடத்திலிருந்து பாடுவது போல இருக்க வேண்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் உள்ள இயல்பான ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டுவைத்திருப்பீர்கள்.

5. இப்போது கம்ப்ரஸர்

நான்காம் படி ஒழுங்காக முடிந்திருந்தால் கம்ப்ரஸருக்கு வேலை குறைவு. அதனால்தான் அது நன்றாக வேலை செய்யும். 15 டெசிபல் வித்தியாசத்தை அதன் தலையில் கட்டினால் குரலை நசுக்கித்தான் தரும்.

அதில் நான்கு குமிழ்களைப் புரிந்துகொண்டால் போதும். எந்த அளவுக்கு மேல் அமுக்கத் தொடங்க வேண்டும் என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பது ரேஷியோ. எவ்வளவு விரைவாக அமுக்கத் தொடங்குவது என்பது அட்டாக். எவ்வளவு விரைவாக விடுவிப்பது என்பது ரிலீஸ். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 3-க்கு 1. குரல் மைனஸ் 14-இல் வருகிறது. எல்லையை 6 டெசிபல் தாண்டிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 டெசிபல் மட்டுமே தாண்ட அனுமதி. எனவே மைனஸ் 18-இல் வெளியே வரும். 4 டெசிபல் அமுங்கியிருக்கும். இந்த 4 என்ற எண்ணைத்தான் கம்ப்ரஸரின் முள்ளோ பட்டையோ காட்டுகிறது. நீங்கள் கண் வைக்க வேண்டியது அதன் மேல்தான்.

தொடங்குவதற்கு: ரேஷியோ 3, அட்டாக் 10 முதல் 15 மில்லிசெகண்டு, ரிலீஸ் 80 முதல் 100 மில்லிசெகண்டு. உரத்த சொற்களில் 4 அல்லது 5 டெசிபல் அமுங்கும்வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். வரிகளுக்கு இடையே முள் சுழியத்துக்குத் திரும்ப வேண்டும். பாட்டு முழுவதும் கீழேயே கிடந்தால் த்ரெஷோல்ட் மிகவும் தாழ்ந்திருக்கிறது.

அட்டாக்கை மிகக் குறைத்தால் "க", "த", "ட" போன்ற எழுத்துகளின் முனை மழுங்கும். சொல் இருக்கும், தெளிவு இருக்காது. ரிலீஸ் மிக விரைவானால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் அறையின் ஒலி பொங்கி வரும். மிக மெதுவானால் உரத்த சொல்லுக்கு அடுத்த மெல்லிய சொல்லும் சேர்ந்து அமுங்கிவிடும். என் பல்லவியில் காணாமல் போன சொற்களில் பாதி இப்படித்தான் போயிருந்தன.

ஒரே கம்ப்ரஸரில் 8 டெசிபல் அமுக்குவதைவிட, இரண்டை அடுத்தடுத்து வைத்து ஆளுக்கு 3 டெசிபல் கொடுப்பது இயல்பாக இருக்கும். முதலாவது விரைவானது, திடீர் உச்சங்களை மட்டும் பிடிக்க. இரண்டாவது நிதானமானது, 2-க்கு 1 ரேஷியோவில், வரிகளை ஒன்றோடொன்று சேர்க்க. ஸ்டூடியோக்களில் 1176 என்ற விரைவான கம்ப்ரஸரையும் எல்ஏ-2ஏ என்ற நிதானமான கம்ப்ரஸரையும் அடுத்தடுத்து வைப்பது நெடுநாள் வழக்கம். அவற்றின் மென்பொருள் நகல்களை வாங்க வேண்டியதில்லை. கையில் இருப்பதையே இரண்டு முறை போடலாம்.

மிகப் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. கம்ப்ரஸரில் கடைசியாக ஒலியைத் தூக்கிவிடும் ஒரு குமிழ் இருக்கும்; சில பிளக்-இன்களில் அது தானாகவே தூக்கும். உரக்கக் கேட்பது எல்லாம் காதுக்கு நன்றாகத்தான் தோன்றும். எனவே கம்ப்ரஸரை அணைத்தும் போட்டும் பார்க்கும்போது இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும்படி அந்தக் குமிழை வைத்துவிட்டு, அதன் பிறகு முடிவு செய்யுங்கள். இதைச் செய்த அன்றுதான் நான் இரண்டு மடங்கு அமுக்கிக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது.

6. சகரத்தைக் கவனியுங்கள்

கம்ப்ரஸருக்குப் பிறகு "ச", "ஸ", "ஷ" எல்லாம் முன்பைவிடக் கூர்மையாகச் சீறும். இந்தச் சீறல் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். டீ-எஸ்ஸர் என்ற கருவியை அந்த இடத்தில் வைத்து, சீறும்போது மட்டும் 3 முதல் 5 டெசிபல் இறங்கும்படி செய்யுங்கள். மிகுந்தால் பாடகருக்கு நாக்கு தடித்ததுபோல் ஆகிவிடும். பாட்டில் பத்துப் பதினைந்து இடங்களில்தான் சீறுகிறது என்றால், நான்காம் படிக்குத் திரும்பி அந்த எழுத்துகளை மட்டும் கையால் இறக்குவது இதைவிட நல்லது.

7. குரலை ஏற்றுவதற்குப் பதில் இசையில் இடம் விடுங்கள்

குரல் கேட்கவில்லை என்றால் அது குறைவாக இருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். பல சமயம் அளவு போதுமானதாகவே இருக்கும். அதே இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கும். சொற்களின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. கிடாரின் மீட்டலும் கீபோர்டின் பளபளப்பும் வயலின் கூட்டமும் அதே இடத்துக்குத்தான் போட்டியிடுகின்றன.

அந்த வாத்தியங்களில் 3 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக 2 டெசிபல் வெட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்டிவிடுங்கள். அங்கே பாட்டு கிடையாது, மேசை அதிர்வும் காற்றும்தான் இருக்கும். இதைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வைக் கண்டு கம்ப்ரஸர் குரலை அமுக்கிக்கொண்டிருக்கும்.

பின்னணி இசை ஒரே கோப்பாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இசை டிராக்கில் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, குரல் வரும்போது மட்டும் அது வேலை செய்யும்படி சைட்செயின் மூலம் இணையுங்கள். 1 முதல் 2 டெசிபல் இறங்கினால் போதும்; கேட்பவருக்குத் தெரியவே கூடாது. குரல் தொடங்கும்போதெல்லாம் இசை மூழ்கி எழுவது கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது.

ரிவர்ப் என்ற எதிரொலி விளைவும் இதில் சேர்த்தி. நிறையப் போட்டால் குரல் அறையின் மறுகோடிக்குப் போய்விடும். எவ்வளவு ஏற்றினாலும் முன்னுக்கு வராது. ரிவர்ப் தொடங்கும் முன் 20 முதல் 40 மில்லிசெகண்டு தாமதம் கொடுத்தால் சொல் முதலில் வந்து சேரும், எதிரொலி பின்னால் வரும்.

8. ஃபேடருக்கு ஓர் இடம்

ஹெட்ஃபோனின் ஒலியை, பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் பேசினால் கேட்கும் அளவுக்கு இறக்குங்கள். குரல் ஃபேடரை முழுதாகக் கீழே இறக்கிவிட்டு, பல்லவியை ஓடவிட்டு, மெல்ல மெல்ல ஏற்றுங்கள். பாடல் வரி தெரியாத ஒருவருக்கு எல்லாச் சொல்லும் விளங்கும் என்று தோன்றும் முதல் இடத்தில் நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கிக்கொண்டு வராதீர்கள். உரத்த குரலுக்குப் பழகிய காது சரியான இடத்தையும் குறைவு என்றே சொல்லும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாமே பாடியதால் வரிகள் மனப்பாடம். காதில் விழாத சொல்லையும் மனம் நிரப்பிவிடும். பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரை உட்காரவைத்து, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர் தவறாக எழுதிய இடங்களே உங்கள் வேலைப்பட்டியல்.

உங்களுக்குப் பிடித்த, வணிகரீதியாக வெளியான ஒரு பாட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அது உங்கள் பாட்டைவிட மிகவும் உரத்துக் கேட்கும். முதலில் அதை இறக்கி இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

9. கடைசிச் சரிப்படுத்தல்: ஆட்டோமேஷன்

இப்போது குரல் சீராக இருக்கிறது, ஆனால் இசை சீராக இருக்காது. பல்லவியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து எழும். சரணத்தில் வெறும் தந்தி வாத்தியம் மட்டும் இருக்கும். எனவே ஃபேடரே பாட்டோடு சேர்ந்து நகர வேண்டும்.

முதலில் பகுதி பகுதியாக: பல்லவியில் குரலை 1 அல்லது 1.5 டெசிபல் ஏற்றுங்கள், அடக்கமான சரணத்தில் 1 இறக்குங்கள். பிறகு வரி வரியாக: அச்சிட்ட பாடல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டை நிறுத்தாமல் கேளுங்கள். முங்கிய சொல்லுக்குக் கீழே கோடு, துருத்திய சொல்லுக்கு மேலே கோடு. முழுப்பாட்டும் முடிந்த பிறகே மென்பொருளைத் தொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் பாட்டின் ஓட்டம் கையைவிட்டுப் போய்விடும். இங்கே மாற்றங்கள் அரை டெசிபல், ஒரு டெசிபல் என்ற அளவில்தான் இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு 4 டெசிபல் தேவைப்பட்டால் நான்காம் படியில் அதை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ரிவர்ப்புக்கு அனுப்பும் ஒலி ஃபேடருக்குப் பின்னாலிருந்து போகிறதா என்று பாருங்கள். முன்னாலிருந்து போனால் குரலை இறக்கும்போது ரிவர்ப் மட்டும் அப்படியே நின்றுவிடும். அடுத்தது, ஆட்டோமேஷன் எழுதிய பிறகு ஃபேடரைக் கையால் நகர்த்தினால் பல மென்பொருள்களில் அது பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். மொத்தக் குரலையும் பிறகு ஏற்றி இறக்க வசதியாக, குரல் டிராக்கை ஒரு குழுவுக்குள் அனுப்பி, அந்தக் குழுவின் ஃபேடரை ஆட்டோமேஷன் இல்லாமல் விட்டுவையுங்கள்.

10. மறுநாள் சோதனையும் வெளியீடும்

ஒரு இரவு தூங்கி எழுந்து, வேறு எதையும் கேட்கும் முன் இந்தப் பாட்டைக் கேளுங்கள். முதல் அரை நிமிடத்தில் தோன்றுவதைத் தாளில் குறித்துவிடுங்கள்; அதற்குப் பிறகு காது பழகிவிடும். பிறகு கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில், மிகக் குறைந்த ஒலியில் கேளுங்கள். அடுத்த அறையில் ஓடவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று கேளுங்கள். சொற்கள் புரியாவிட்டாலும் குரலின் மெட்டு தொடர்ந்து கேட்க வேண்டும். மோனோவாக மாற்றியும் ஒருமுறை பாருங்கள். இரு பக்கமும் விரிந்திருந்த வாத்தியங்கள் நடுவுக்கு வரும்போது குரலை மறைக்கின்றனவா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இப்போதுதான் மாஸ்டரில் லிமிட்டர். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற உரப்பளவுக்கும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-க்கும் பாட்டுகளைச் சமன்செய்கின்றன. அதைத் தாண்டி உரப்பாக்கினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். லிமிட்டர் தாளக் கருவிகளின் அடியை அமுக்குவதால் குரல் சற்று முன்னுக்கு வந்ததுபோல் ஆகலாம். குழுவின் ஃபேடரில் அரை டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

வெளியிடும்போது ஒரு கோப்போடு நிறுத்தாதீர்கள். இப்போதைய அளவில் ஒன்று, குரல் 1 டெசிபல் கூடுதலாக ஒன்று, 1 டெசிபல் குறைவாக ஒன்று, குரலே இல்லாமல் இசை மட்டும் ஒன்று என நான்கு வேவ் கோப்புகளை எடுத்து, பெயரில் அந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு வாரம் கழித்து முதல் மூன்றையும் பெயர் பார்க்காமல் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். நான் முடித்த அந்த முதல் பாட்டில் கடைசியாக நின்றது 1 டெசிபல் கூடுதலான கோப்புதான்.